நாழிகை வட்டில்: துளை எவ்வளவு, எடை எவ்வளவு, எங்கே பிசகும்?

#1 செம்புக்குடம்

தண்ணீரில் மிதக்கவிட்டால் அடித்துளை வழியாக நீர் ஏறி, ஒரு நாழிகையில் (24 நிமிடம்) மூழ்கும் செம்பு வட்டில் ஒன்று செய்ய வேண்டும். பள்ளிக் கண்காட்சிக்கு வைப்பது. ஆனால் பொம்மையாக இருக்கக் கூடாது, நாள் முழுக்க ஓட வேண்டும். தமிழில் தேடினால் "அடியில் சிறு துளையிட்ட பாத்திரம்" என்ற ஒரே வரிதான் எங்கும் கிடைக்கிறது. அந்தச் சிறு துளை எத்தனை மில்லிமீட்டர்? தகடு எவ்வளவு கனம்? பழைய நூல்களில் அளவு சொல்லியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

#2 கொல்லுப்பட்டறை

துளையை மட்டும் தனியாகச் சொல்ல முடியாது நண்பரே. வட்டிலின் கொள்ளளவு, வெற்று எடை, துளையின் பரப்பு மூன்றும் சேர்ந்துதான் நேரம்.

மிதக்கும் வட்டிலில் உள்ளே இருக்கும் நீர்மட்டம் வெளிமட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும். அந்த வித்தியாசம்தான் நீரை உள்ளே தள்ளுகிறது. வித்தியாசம் எவ்வளவு என்பதைச் செம்பின் எடையும் நீர்மட்டத்தில் வட்டிலின் அகலமும் தீர்மானிக்கின்றன. நேர்ச்சுவர் பாத்திரமானால் அது கடைசிவரை மாறாது. அரைக்கோளமானால் தொடக்கத்தில் அதிகம், வாய் விரிய விரியக் குறையும்.

கணக்குக்கு ஒரு வட்டில்: அரைக்கோளம், வாய் விட்டம் 15.6 செ.மீ., கொள்ளளவு 1 லிட்டர், எடை 200 கிராம். தகடு ஏறத்தாழ 0.6 மி.மீ. கனம் வரும். இதை வெறுமையாக மிதக்கவிட்டால் சுமார் 3 செ.மீ. அமிழும். மூழ்கப்போகும் நேரத்தில் உள்-வெளி வித்தியாசம் 0.9 செ.மீ.தான். உள்ளே ஏறும் நீர் சுமார் 820 மி.லி. முழு லிட்டர் நிரம்பும்வரை அது காத்திருக்காது. வெளிமட்டம் விளிம்பைத் தொட்டதும் நீர் மேலே புரண்டு மளமளவென்று மூழ்கிவிடும். 24 நிமிடத்தில் 820 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 34 மி.லி. அதற்குத் துளை 1.5 முதல் 1.6 மி.மீ. வேண்டும்.

முதலிலேயே 1.6 போட்டுவிடாதீர்கள். 1.4 மி.மீ. பிட்டால் துளைத்து ஓடவிட்டு நேரம் எடுங்கள். 30 நிமிடம் வந்தது என்று வையுங்கள். 30-ஐ 24-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.118. அதை 1.4-ஆல் பெருக்கினால் 1.565 மி.மீ. இதுதான் வேண்டிய துளை. பெருக்குவது சுலபம், சுருக்குவது தலைவலி. 1.6-க்குப் பதில் 1.7 ஆகிவிட்டால் 24 நிமிடம் 21 நிமிடம் சொச்சமாகக் குறைந்துவிடும். ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குக்கு இத்தனை தண்டனை.

பெரிதாகிவிட்டால் இரண்டு வழி. துளையின் ஓரத்தைப் பட்டடையில் வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் செம்பு உள்ளே நகர்ந்து துளை சுருங்கும், பிறகு மறுபடி துளையுங்கள். அல்லது விளிம்பை அரத்தால் சுற்றிச் சமமாகத் தேய்த்து எடையைக் குறையுங்கள். எடை குறைந்தால் நேரம் கூடும். ஆனால் உயரமும் குறைவதால் கொள்ளளவும் குறையும், இரண்டும் எதிரெதிராக இழுக்கும். அதனால் தட்டிச் சுருக்குவதே சுத்தமான வேலை.

துளைத்த பிறகு உட்புறப் பிசிறை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் வட்டிலை ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் வளைந்து, நேரம் தாறுமாறாகும்.

#3 மதியநேரம்

எவர்சில்வர் கிண்ணம் ஆகாதா? செம்பு விலை தெரியும்தானே.

#4 கொல்லுப்பட்டறை

ஆகும். நீரைவிடக் கனமான எதுவும் ஆகும், பிளாஸ்டிக் ஆகாது. எவர்சில்வரில் சிறு பிட் சறுக்கி ஓடும், புள்ளிக்குத்து வைத்துவிட்டுத் துளையுங்கள். தட்டிச் சுருக்க முடியாது என்பதுதான் குறை.

சின்னக் கிண்ணத்தில் இன்னொரு வில்லங்கம். 150 மி.லி. கிண்ணம் ஒன்றரை செ.மீ. அளவுதான் அமிழும். 1 மி.மீ. துளையில் உலர்ந்த உட்புறத்துக்கு நீர் ஏற வேண்டுமானால் பரப்பு இழுவிசையைத் தாண்டவே 3 செ.மீ. அழுத்தம் வேண்டும். விளைவு: துளை இருக்கிறது, நீர் ஏறவே ஏறாது. "ஓட்டை அடைத்துக்கொண்டது" என்று ஊசியால் குத்தி அதைப் பெரிதாக்கிவிடுவார்கள். துளையைச் சுற்றி உட்புறத்தை ஈர விரலால் தடவிவிட்டு மிதக்கவிட்டாலே போதும். நீர் மேலேறி நீரோடு சேர்ந்துவிட்டால் அந்தத் தடை போய்விடும்.

#5 ஏட்டுச்சுவடி

பழைய நூல் அளவுக்கு வருகிறேன். லல்லர், ஸ்ரீபதி போன்ற வானியலாளர் தருவது இது (பலம், மாஷம் இரண்டும் பழைய எடை அளவுகள்): பத்துப் பலம் செம்பு, ஆறு அங்குல உயரம், பன்னிரண்டு அங்குல வாய், அறுபது பலம் நீர் கொள்ள வேண்டும், பாதிக் குடத்தின் வடிவம். துளைக்கு: மூன்றேகால் மாஷத்துக்குச் சற்று மேல், அதாவது 3⅓ மாஷம் பொன்னை நான்கு அங்குல நீளக் கம்பியாக இழுத்து, அந்தக் கம்பி நுழையும் அளவு.

கம்பி உத்தி அருமையானது. மில்லிமீட்டர் அளக்கக் கருவி இல்லாத காலத்தில் எடையும் நீளமும் சொன்னாலே விட்டம் தானாக வந்துவிடும். பொன் துருப்பிடிக்காது, சீராக இழுபடும். பொன்னின் வேலை அவ்வளவுதான். வட்டிலில் தங்கக் குழாய் பொருத்தினார்கள் என்று சிலர் எழுதுவது இதைத் தவறாகப் படித்ததால்.

ஆனால் அளவுகளைப் போட்டுப் பாருங்கள். குன்றிமணி 0.12 கிராம், மாஷம் ஐந்து குன்றிமணி, பலம் 64 மாஷம், அங்குலம் 1.9 செ.மீ. என்று வைத்தால்:

அறுபது பலம் நீர் என்பது 2.3 லிட்டர். ஆறு அங்குல அரைக்கோளமோ 3.1 லிட்டர் கொள்ளும். இரண்டும் பொருந்தவில்லை.

கம்பி 2 கிராம் பொன், நீளம் 7.6 செ.மீ., விட்டம் 1.3 மி.மீ.

அந்தப் பெரிய வட்டில் 1.3 மி.மீ. துளையில் மூழ்க ஒன்றரை மணி நேரம் ஆகும். 24 நிமிடத்தில் மூழ்க வேண்டுமானால் துளை ஏறத்தாழ இரண்டு மடங்கு விட்டம் வேண்டும், 2.5 மி.மீ. போல.

எடை அளவுகள் ஊருக்கு ஊர் வேறு என்பது உண்மை. ஆனாலும் அங்குலமும் பலமும் தனித்தனியே மாறக்கூடிய அளவுகள், இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கட்டிப்போட்டால் இப்படித்தான் முட்டும். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் இந்த அளவையே தூக்கிப் போட்டார்: இதில் நியாயமும் இல்லை, செய்வதும் கடினம் என்று. அவர் சொன்ன வழி எளிது. எந்தச் செம்பு வட்டிலையும் எடு, துளையிடு, ஒரு பகல்-இரவில் எத்தனை முறை மூழ்குகிறது என்று எண்ணு, அந்த எண்ணால் அறுபதை வகு. ஒரு மூழ்கலுக்கு இத்தனை நாழிகை என்று கிடைத்துவிடும். சூரிய சித்தாந்தமும் அளவு எதுவும் கூறாமல் நாளுக்கு அறுபது முறை மூழ்கும் செம்பு வட்டில் என்றுதான் சொல்கிறது.

ஆகவே செம்புக்குடம் கேட்டதற்கு என் பதில்: நூல் அளவை அப்படியே எடுக்க வேண்டாம்.

#6 செம்புக்குடம்

நல்லது. ஆனால் பாஸ்கரர் வழியிலும் ஒரு கேள்வி வருகிறது. ஒரு பகல்-இரவு முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வார்கள்? சூரிய உதயத்திலிருந்து மறு உதயமா?

#7 நிழலடி

உதயத்தை வைத்தால் வரும் பிழை பெரிதல்ல. தமிழ்நாட்டில் அடுத்தடுத்த இரண்டு உதயங்களுக்கு இடையே 24 மணியிலிருந்து விலகல் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தொல்லை வேறு: உதயம் என்பதே தெளிவான கணம் கிடையாது. மரம், மேடு, அடிவான மூட்டம் ஏதாவது ஒன்று ஐந்து நிமிடத்தை விழுங்கிவிடும்.

நண்பகல்தான் பிடிப்பான அளவு. சமதரையில் ஒரு நேர்க்கோலை (நூல்களில் சங்கு, பன்னிரண்டு அங்குலம்) தூக்குநூல் பிடித்துச் செங்குத்தாக நடுங்கள். அதை மையமாக வைத்து ஒரு வட்டம். காலையில் நிழல்நுனி சுருங்கி வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் நீண்டு வெளியே போகும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு-மேற்கு. அதற்குச் செங்குத்தாகக் கோலடியிலிருந்து இழுத்தால் வட-தெற்கு. நிழல் அந்தக் கோட்டில் விழும் கணமே உச்சி. இன்று உச்சியிலிருந்து நாளை உச்சிவரை மூழ்கல்களை எண்ணுங்கள்.

கவனிக்க வேண்டியது: நண்பகலில் நிழலின் நீளத்தைப் பார்த்து "இதுதான் மிகக் குட்டை" என்று முடிவு செய்யாதீர்கள். உச்சியை ஒட்டி நீளம் மாறுவது கண்ணுக்கே தெரியாது. திசையைப் பாருங்கள். நிழல்நுனியும் கூர்மையாக இருக்காது, ஏனென்றால் சூரியனுக்கே அரைப் பாகை அகலம், அது 2 நிமிட நேரத்துக்குச் சமம். கோலின் உச்சியில் சிறு துளையிட்ட தகடு வைத்தால் நிழலுக்கு நடுவே ஒளிப்புள்ளி விழும், அதன் மையத்தை எடுங்கள். ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் 27 மீட்டர் உயர சம்ராட் யந்திரத்தில் நிழல் நொடிக்கு 1 மி.மீ. நகர்கிறது, ஆனாலும் நிழலோரம் கலங்கலாகத்தான் விழும். பெரிதாகக் கட்டினால் கலங்கலும் சேர்ந்தே பெரிதாகிறது.

#8 வயற்காடு

இவ்வளவு எதற்கு? ஒரு துரும்பு போதும். பதினாறு விரற்கடை நீளத் துரும்பை ஒடித்து, ஒரு பகுதியை நிமிர்த்தி, அதன் நிழல் கிடக்கும் பகுதியின் நுனியில் விழும்படி மடித்தால் நிமிர்ந்த விரற்கடையே நாழிகை. பிற்பகலானால் அது அஸ்தமனத்துக்கு மீதமுள்ள நாழிகை. நம் பாட்டன்மார் இதைப் பாட்டாகவே வைத்திருந்தார்கள். வட்டிலும் வேண்டாம், அண்டாவும் வேண்டாம்.

#9 நிழலடி

துரும்பு முறை எனக்கும் பிடிக்கும், ஆனால் எப்போது சரி என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். சென்னை அட்சரேகைக்கு (13 பாகை) கணக்கிட்டுத் தருகிறேன்.

சூரியன் தலைக்கு நேர்மேலே வரும் நாட்கள், அதாவது சித்திரை இரண்டாம் வாரம், மறுபடி ஆவணித் தொடக்கம். அப்போது துரும்பு 4 என்றால் உண்மை 3.2 நாழிகை. 8 என்றால் 7.8. 12 என்றால் 12.4. 14 என்றால் 14.1. காலை எட்டரைக்குப் பிறகு அரை நாழிகைக்குள் நிற்கிறது. ஒரு புல்லுக்கு இது அபாரம்.

அதே துரும்பு மார்கழியில்: 8 காட்டும்போது உண்மையில் ஒன்பதரை நாழிகை ஆகியிருக்கும். அதைவிட மோசம், உச்சியிலேயே அது ஒன்பதைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். அன்று நண்பகல் உதயத்திலிருந்து 14 நாழிகை சொச்சம். காரணம் எளிது. மார்கழியில் சூரியன் நண்பகலிலும் 53 பாகைக்கு மேல் ஏறாது. துரும்புக்குத் தெரிவது சூரியனின் உயரம் மட்டும். அந்த உயரத்தை நேரமாக மாற்ற மாதத் திருத்தம் வேண்டும், பாட்டில் அது கிடையாது.

#10 வயற்காடு

மார்கழியில் யார் துரும்பு பார்க்கப் போகிறார்கள், பனியில் சூரியனே தெரியாது :)

சரி, மாதத் திருத்தம் சேர்த்தால்?

#11 நிழலடி

சேர்த்தால் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அப்போது துரும்பை விட்டுவிட்டுச் சங்கு வைப்பதே மேல். மாதவாரியாக நிழலடி வாய்பாடு போடுவது அதற்குத்தான்.

#12 ஏட்டுச்சுவடி

சூரியன் தெரியாத பொழுதுக்குத்தான் வட்டிலே. அகநானூற்றுப் பாடல் ஒன்று கார்கால இருட்டைச் சொல்லும்போது, குறுநீர்க் கன்னலை (நாழிகை அளக்கும் நீர்க்கலத்தை) எண்ணுவோர் தவிர வேறு யாருக்கும் கதிரவன் இருக்கும் பக்கம் தெரியாது என்கிறது. முல்லைப்பாட்டில் பாசறையில் அரசனுக்கு இரவு நாழிகை சொல்வோர் வருகிறார்கள். இரண்டு இடத்திலும் சூழல் ஒன்றே: மழை அல்லது இரவு. கன்னல் மூழ்கும் வகையா, ஒழுகும் வகையா என்பதைப் பாடல் வரியிலிருந்து முடிவு செய்ய இயலாது. அர்த்தசாஸ்திரம் சொல்லும் நாளிகை ஒழுகும் வகை: நான்கு மாஷப் பொன்னில் நான்கு அங்குலக் கம்பி, அந்த அளவுத் துளை, ஒரு ஆடகம் (பழைய முகத்தல் அளவு) நீர் வெளியேறும் நேரம்.

#13 மதியநேரம்

ஒழுகும் வகைக்கும் மூழ்கும் வகைக்கும் என்ன பெரிய வித்தியாசம்? எகிப்திலும் கிரேக்கத்திலும் ஒழுகுவதுதானே.

#14 கொல்லுப்பட்டறை

ஒழுகும் பானையில் நீர் குறையக் குறைய அழுத்தம் குறையும், ஓட்டம் தளரும். சம அளவில் கோடு போட்டால் முதல் கோடு சீக்கிரம் வரும், கடைசிக் கோடு இழுத்தடிக்கும். கார்னாக்கில் கிடைத்த மூன்றாம் ஆமென்ஹோதெப் காலத்து (கி.மு. 14-ஆம் நூற்றாண்டு) நீர்க்கடிகாரம் பூந்தொட்டி போல மேலே அகன்று கீழே குறுகியது இதைச் சமாளிக்கத்தான். சுவரின் சரிவு பாதிக் கோளாறைச் சரி செய்யும், முழுக்க இல்லை. முழுக்கச் சரியாக வேண்டுமானால் உயரம் ஆரத்தின் நான்காம் படிக்கு விகிதமாக ஏற வேண்டும், அந்த வளைவைக் கல்லில் குடைவது யாருக்கும் விளையாட்டு இல்லை. ஏதென்ஸ் நீதிமன்றப் பானைக்கு இந்தக் கவலை கிடையாது. ஆறு லிட்டர் சொச்சம் நீர், ஆறு நிமிடம் போல, ஒழுகி முடிந்தால் பேச்சு முடிந்தது. நடுவில் எவ்வளவு ஆயிற்று என்று யாரும் அளக்கவில்லை.

மூழ்கும் வட்டிலும் அதே தந்திரம்தான்: நடுவில் அளப்பதில்லை, முழு மூழ்கலை மட்டும் எண்ணுகிறோம். உள்ளே ஓட்டம் சீராக இல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் அதே சீரின்மைதான். ஆகவே வட்டிலின் உட்புறத்தில் கால் நாழிகை, அரை நாழிகை என்று சம இடைவெளியில் கோடு போட்டு ஏமாறாதீர்கள்.

#15 மதியநேரம்

மணற்கடிகாரம்?

#16 ஏட்டுச்சுவடி

அது பண்டையது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உறுதியான சான்று ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது, சியெனா நகரின் 1338 காலத்துச் சுவரோவியம் ஒன்றில். இந்த இழைக்கு வெளியே.

#17 அரைச்சாமம்

நாள் முழுக்க ஓட்டப்போகிறேன் என்று சொன்னதால் இதைச் சொல்ல வேண்டும். மூழ்கிய வட்டிலை எடுத்து, கவிழ்த்து, உதறி, மறுபடி வைக்க எவ்வளவு நேரம்? வேகமாகச் செய்தாலும் பத்து நொடி. அறுபது முறைக்கு 600 நொடி, அதாவது 10 நிமிடம், 25 வினாழிகை (அறுபது வினாழிகை ஒரு நாழிகை). நாள் முடிவில் அரை நாழிகைக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்தங்கியிருப்பீர்கள். வழி இரண்டு. ஒத்த நேரமுள்ள இரண்டு வட்டில் வைத்துக்கொண்டு, ஒன்று மூழ்கும் கணத்தில் மற்றதை மிதக்கவிடுங்கள். இல்லையென்றால் வட்டிலையே 23 நிமிடம் 50 நொடிக்குச் சரிசெய்து, எடுத்து வைக்கும் நேரத்தையும் நாழிகைக்குள் அடக்குங்கள். இரண்டாவது வழிக்கு ஒரே ஆள், ஒரே கைப்பழக்கம் வேண்டும். ஆள் மாறினால் கணக்கு மாறும்.

எண்ணிக்கையை மனத்தில் வைக்காதீர்கள். இரவு மூன்றாம் சாமத்தில் பதினேழா பதினெட்டா என்ற சந்தேகம் வந்தால் ஒரு நாழிகை போயிற்று. ஒவ்வொரு மூழ்கலுக்கும் ஒரு புளியங்கொட்டை கிண்ணம் மாறட்டும்.

மணியடிக்கும் முறையும் யோசிக்க வேண்டியது. பாபர் வட இந்தியாவில் பார்த்தபோது கடிகை (நாழிகை) எண்ணிக்கையை மட்டும் சேகண்டியில் அடித்தார்கள். இரவில் விழித்துக்கொண்டவனுக்கு மூன்று அடி கேட்கும், ஆனால் எந்தப் பகரின் (பகலையும் இரவையும் நான்கு நான்காகப் பிரித்த பங்கு) மூன்று என்று தெரியாது. கடிகை அடித்துச் சற்று நிறுத்தி, பகர் எண்ணையும் அடிக்கும்படி அவர் ஆணையிட்டார். இரண்டாம் பகரின் மூன்றாம் கடிகையானால் மூன்று அடி, இடைவெளி, பிறகு இரண்டு. கண்காட்சியில் செய்தால் அதையே பின்பற்றுங்கள், பார்ப்பவர்களுக்குப் புரியும்.

இலங்கையில் 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் அரசனின் வட்டிலை விவரித்திருக்கிறார்: அரை லிட்டர் அளவு கொள்ளும் செம்புத் தட்டு, மிகச் சிறிய துளை, மண்பானை நீரில் மிதக்கும், மூழ்கியதும் எடுத்து வெறுமையாக்கி மறுபடி வைப்பார்கள். உங்களுடையதைவிடப் பாதி அளவு.

#18 ஏட்டுச்சுவடி

பகர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. கடிகை, அதாவது நாழிகை, ஆண்டு முழுவதும் ஒரே அளவு. பகரோ பகலில் நான்கில் ஒரு பங்கு, இரவில் நான்கில் ஒரு பங்கு. டெல்லி ஆக்ரா பக்கம் கோடையில் பகல் பகருக்கு எட்டுக்கு மேல் கடிகை, குளிரில் ஏழுக்கும் குறைவு. அதனால் எண்ணுபவன் பருவத்துக்கு ஒரு வாய்பாடு வைத்திருந்தே ஆக வேண்டும்.

7-ஆம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி இட்சிங் பார்த்த விகாரை வட்டில்கள் வேறு வழி. காலையிலிருந்து நான்கு முறை மூழ்கினால் ஒரு பகுதி, எட்டானால் நண்பகல். பருவத்துக்கு ஏற்பத் துளை பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும் என்கிறார். அப்படியானால் அங்கே மூழ்கலே பருவத்தோடு நீண்டு சுருங்கியது, ஒன்று ஏறத்தாழ முக்கால் மணி. ஒரே துளையைச் சுருக்கி விரிக்க முடியாதாகையால் பல வட்டில்கள் இருந்திருக்கும் என்பது என் கருத்து. "பழங்காலத்தில் எல்லாரும் ஒரே நாழிகை" என்ற எண்ணத்தை இது உடைக்கிறது.

#19 செம்புக்குடம்

நம் ஊரில் பகல் அவ்வளவு மாறுகிறதா?

#20 நிழலடி

சென்னையில் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 53 நிமிடம், 32 நாழிகைக்குச் சற்று மேல். மிகக் குறுகியது 11 மணி 22 நிமிடம், இருபத்தெட்டரை நாழிகை. கன்னியாகுமரியில் இன்னும் குறைவு. முப்பது-முப்பது என்று வைத்தால் இரண்டேகால் நாழிகைக்கு மேல் பிசகாது. பஞ்சாங்கத்தில் அகஸ் என்று ஒவ்வொரு நாளும் பகல் அளவு கொடுத்திருப்பார்கள், அதைப் பாருங்கள்.

பழைய வானியல் நூலான வேதாங்க ஜோதிடம் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் தரும் விகிதம் 18 முகூர்த்தத்துக்கு 12, அதாவது 36 நாழிகைக்கு 24. இது 35 பாகை அட்சரேகைக்குப் பொருந்தும். காசிக்கே பொருந்தாது, தமிழ்நாட்டுக்கு எங்கே? பாபிலோனிலிருந்து வந்த விகிதம் என்று ஒரு தரப்பும், வடமேற்கு இந்தியாவில் அளந்தது என்று ஒரு தரப்பும் நெடுங்காலமாக வாதாடுகின்றன.

#21 ஏட்டுச்சுவடி

பாபிலோன் தரப்பு எனக்கு ஒப்பவில்லை. காஷ்மீர் 34 பாகை. அளக்க அங்கேயே ஆள் இருந்திருக்கலாம்.

#22 நிழலடி

இருந்திருக்கலாம். ஆனால் பாபிலோனியர் அதே 3:2-ஐ நாளுக்கு நாள் சம அளவில் கூட்டிக் கழித்துப் பயன்படுத்தினார்கள், வேதாங்கமும் அப்படியே ஒரே சீராகக் கூட்டுகிறது. உண்மையில் பகல் நீளம் சீராக மாறாது. விஷுவ நாட்களை (பகலும் இரவும் சமமாகும் நாட்கள்) ஒட்டி வேகமாகவும் அயன நாட்களை (பகல் மிக நீண்ட, மிகக் குறுகிய நாட்கள்) ஒட்டி மிக மெதுவாகவும் மாறும். இரண்டு இடத்திலும் ஒரே குறுக்குவழி இருப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. இங்கே தீராது, வட்டிலுக்குத் திரும்புவோம்.

#23 அரைச்சாமம்

இரவில் வட்டிலைச் சரிபார்க்க நட்சத்திரம் இருக்கிறதே, யாரும் சொல்லவில்லை. ஒரு நட்சத்திரம் ஒவ்வொரு இரவும் 4 நிமிடம், அதாவது சரியாக 10 வினாழிகை முந்தி உச்சிக்கு வரும். ஆறு நாளில் ஒரு நாழிகை, முப்பது நாளில் ஐந்து நாழிகை. மனக்கணக்குக்கு இதைவிட வசதியாக எதுவும் அமையாது. கார்த்திகைக் கூட்டம் நவம்பர் 20-ஐ ஒட்டி நள்ளிரவில் உச்சிக்கு வரும். அதிலிருந்து முப்பது நாள் கழித்து இரவு பத்து மணிக்கே உச்சியில் இருக்கும். நிழலடி சொன்ன வட-தெற்குக் கோட்டின் மேல் இரண்டு தூக்குநூல் தொங்கவிட்டு, இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி நின்று, நட்சத்திரம் நூலைக் கடக்கும் கணத்தைப் பிடியுங்கள். இன்று கடந்ததிலிருந்து நாளை கடப்பதுவரை எண்ணினால் 60 வராது, 59 நாழிகை 50 வினாழிகைதான் வரும். இதை மறந்துவிட்டு வட்டில் வேகமாக ஓடுகிறது என்று துளையைத் தட்டிவிடாதீர்கள்.

#24 வயற்காடு

தண்ணீர் பங்கீட்டுக்கு இதே வட்டிலைப் பயன்படுத்திய ஊர் ஈரான். கொனாபாத் வட்டாரத்தில் கனாத் என்ற சுரங்கக் கால்வாய் நீரை முறைவைத்துப் பிரிக்க பெங்கான் என்ற துளைவட்டில், 20-ஆம் நூற்றாண்டிலும் ஓடியது. அங்கே வட்டில் எந்த நேரத்துக்குச் சமம் என்பது முக்கியமே இல்லை. உனக்கு ஐந்து வட்டில், எனக்கு ஏழு வட்டில், அவ்வளவுதான் வழக்கு. ஒரே வட்டில் எல்லாருக்கும் ஓடினால் நியாயம்.

#25 கொல்லுப்பட்டறை

சரியாகச் சொன்னீர்கள். அதனால்தான் அங்கே வட்டில் மாற்றுவது பெரிய விவகாரமாகும்.

செம்புக்குடம், பராமரிப்புக்கு இவை:

அண்டா வாய் குறைந்தது 30 செ.மீ. இருக்கட்டும். வட்டில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் சாய்ந்து, விளிம்பு வழியாக நீர் முன்னதாகவே புகுந்துவிடும். ஆழம் வட்டிலின் உயரத்தைவிட நான்கைந்து விரல் கூட இருக்கட்டும். காற்றடிக்கும் வாசலில் வைக்காதீர்கள்.

துளை மிகத் தாழ்ந்த புள்ளியில் இருக்க வேண்டும். வட்டில் ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால், உயர்ந்து நிற்கும் பக்கத்து விளிம்பின் உட்புறம் துளி ஈயப்பற்று வைத்துச் சமன் செய்யுங்கள்.

நீரை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். கொதித்து ஆறிய நீர் இன்னும் நல்லது, காற்றுக்குமிழி அடியில் ஒட்டுவது குறையும். வைக்கும்போது சற்றுச் சாய்த்து இறக்கினால் துளைக்கு அடியில் குமிழி சிக்காது. பாஸ்கரரின் மகள் லீலாவதியின் கல்யாண முகூர்த்தத்தை ஒரு முத்து வட்டில் துளையை அடைத்துக் கெடுத்த கதை, அவருடைய லீலாவதி நூலுக்கு 1587-இல் ஃபைஸி செய்த பாரசீக மொழிபெயர்ப்பில் வருவது. நடந்ததோ இல்லையோ, கோளாறு மட்டும் நூறு சதவீதம் சாத்தியமானது. 1.5 மி.மீ. துளைக்கு முத்துகூட வேண்டாம், ஒரு நூல்பிசிறு போதும்.

உப்புநீர் ஊரானால் துளையோரத்தில் வெள்ளைப் படிவு சேரும், நேரம் மெல்ல நீளும். களிம்பு பிடித்தாலும் அதேதான். புளி போட்டுத் துலக்கலாம், ஆனால் துளைப் பக்கம் சாம்பலோ மணலோ வைத்துத் தேய்க்காதீர்கள். செம்பு மெத்தென்ற உலோகம், தேய்த்துத் தேய்த்தே துளை பெருகிவிடும். குண்டூசி கூடவே கூடாது. துலக்கிய பின் ஒரு முறை நேரம் எடுத்துக் குறித்து வையுங்கள். எண்ணெய்க் கையோடு தொட்டால் தொடக்கத்தில் நீர் ஏறுவது தடுமாறும்.

காலைக் குளிர்நீருக்கும் மதிய வெந்நீருக்கும் சில விழுக்காடு வித்தியாசம் வரும். மெல்லிய தகட்டில் நேரடித் துளையானால் குறைவு, குழாய் பொருத்தினால் அதிகம். அதனால்தான் குழாய் வேண்டாம் என்கிறேன்.

#26 செம்புக்குடம்

கடைசியாக ஒன்று. பார்க்க வருபவர்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுவார்கள். நாழிகையை மணியாக மாற்றிப் பலகையில் எப்படி எழுதுவது?

#27 நிழலடி

அன்றைய உதயத்தோடு கூட்டுங்கள். நாழிகையை 24-ஆல் பெருக்கினால் நிமிடம், வினாழிகையை 24-ஆல் பெருக்கினால் நொடி. உதயம் 6:12, ஆனது 17 நாழிகை 20 வினாழிகை என்றால் 408 நிமிடமும் 8 நிமிடமும் சேர்ந்து 416, அதாவது 6 மணி 56 நிமிடம். கடிகாரம் பிற்பகல் 1:08 காட்ட வேண்டும்.

உதயம் உங்கள் ஊருக்கு உரியதாக இருக்கட்டும். சென்னைக்கு அச்சிட்டதைக் கோவையில் வைத்தால் தீர்க்கரேகை வித்தியாசத்திலேயே 13 நிமிடம், அரை நாழிகைக்கு மேல் போய்விடும். அந்தப் பழியை வட்டில் மேல் போடுவார்கள்.